பத்துக்கு எத்தனை

கொடுமணல் தாண்டினால் தார்ரோடு முடிந்துவிடும்.
அதற்குமேல் சீமைக்கருவேல முள்ளுக்குப் பயந்து
ஸ்கூட்டியை உருட்டித்தான் போகவேண்டும்.
பெட்டிக்குள் மார்ஃபின், கட்டுத்துணி, மூத்திரப் பை,
வலியை அளக்க
பத்துவரை எண் போட்டு
முகங்கள் வரைந்த ஓர் அட்டை.
பத்தாவது முகம் அழும்.

பொங்கியண்ணனை எனக்குப் பழக்கம்.
பதினோரு வருசத்துக்கு முன்
தோல் நோய்ப் பிரிவில் சீட்டெழுதிக்கொண்டிருந்தேன்.
முழங்கைவரை நீலம்.
நீலத்துக்கடியில் வெடிப்பு, வெடிப்புக்குள் சதை.
டாக்டர் களிம்பு எழுதினார்,
"ரெண்டு மாசம் தண்ணியில கை வைக்காதீங்க" என்றார்,
சாயப்பட்டறையில் வின்ச் ஓட்டுகிற ஆளிடம்.
"செரிங்க சார்."
வெளியே வந்து என்னைத்தான் கேட்டார்:
"கையிருக்கறதே தண்ணியிலதானுங் அம்மிணி,
எங்க கொண்டுபோய் வெக்கறது?"

இப்போது நோய் கையில் இல்லை.
மூத்திரப்பையில் தொடங்கி இடுப்பெலும்புக்கு வந்துவிட்டது.
படிவம் கேட்கிறது:
பெயர், வயது, புகை உண்டா, குடி உண்டா.
கிணற்றைப் பற்றி ஒரு கட்டமில்லை.
எதனால் வந்ததென்று நானும் சொல்லமாட்டேன்,
எனக்குத் தெரியாது. பீடியும் குடித்திருக்கிறார்.
ஆனால்
இந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது.
தென்னை குரும்பையிலேயே உதிர்த்துவிடும்.
எருமை மோந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
எழுதாமல் வரக் கை ஒப்பவில்லை.
ஓரத்தில் பென்சிலால்
'பருப்பு வேகாது' என்று மட்டும் குறித்தேன்.

"பத்துக்கு எத்தனைங்ணா?"
"எட்டுங்."
கொஞ்சம் யோசித்து,
"எட்டரை போடம்மிணி. அரைய எதுக்கு உடறது."

தகரக் கூரை. சித்திரை மாசத்து ரெண்டு மணி.
ஆற்று நாற்றத்துக்கு ஆணியடித்த சன்னல்,
நாலு வருசமாகத் திறக்கவில்லை.
முதுகெல்லாம் வேர்க்குரு,
சொறிந்த இடமெல்லாம் புண்,
புண்ணுக்குத் துணையாக ஈ.
பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருந்த
ரெண்டு பேரைக் கூப்பிட்டேன்.
கட்டிலோடு தூக்கினோம்,
மூன்று இடத்தில் இறக்கி வைத்து,
ஒவ்வொரு இறக்கத்துக்கும் அவர் எங்களைத் திட்ட,
நாலாவதில் வேப்பமரம்.

முதுகைத் துடைத்து ஒருக்களித்துப் படுக்கவைத்து
இடுப்புக்குத் தலையணை முட்டுக்கொடுத்தபோது
மேக்கே பாலக்காட்டுப் பக்கமிருந்து
காற்று எழும்பியது.
ஆற்று வாடையும் அதோடு வந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
மூக்கை விடைத்தார்.
"முன்னெல்லாம் தண்ணியப் பாத்தே சொல்லிப்போடுவேன்.
ஆத்துல செவப்பு வந்தா
சீமையில கிறிஸ்மஸ்."
முதல் தடவையாகப் பல் தெரிந்தது.

"இப்ப எத்தனை?"
"அஞ்சுங்."

மாத்திரை அட்டையை நான் இன்னும் பிரிக்கவில்லை.
கொடுத்த மருந்து என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
வேம்பு, நிழல், அளவு தெரியவில்லை?
ஆபீசில் வைவார்கள்.
ஐந்தும் வலிதான். பிரித்தேன், கொடுத்தேன்,
அதை மட்டும் எழுதினேன்.
சாக்கை நனைத்துத் தகரத்தின்மேல் போடுங்கள்,
சன்னல் ஆணியைப் பிடுங்குங்கள்,
பொழுது சாய்ந்தபின் உள்ளே கொண்டுபோங்கள் என்றேன்.
"ஆணியா?" என்றாள் மயிலாத்தாள்.
"ஆணிதாங்க்கா."

கிளம்பும்போது கை கழுவ
இருபத்தைந்து ரூபாய் கேனைச் சாய்த்து
ஒரு சொம்பு கொண்டுவந்தாள்.
வாசலில் கருப்புப் பனியன் மூட்டை,
பீஸுக்கு இவ்வளவென்று வீட்டில் பிசிறு வெட்டுகிறாளாம்,
ராத்திரி அவருக்குத் தூக்கம் வராத நேரத்தில்.
ஊற்றுகிற கையைப் பார்த்தேன்.
விரலிடுக்கில் தோல் உரிந்து
நகக்கண்ணோரம் மையாய்க் கருப்பு.

அந்த டாக்டரின் வாக்கியம்
என் நாக்குவரை வந்தது.
சொம்பில் இன்னும் பாதி இருந்தது.
"போதுங்க்கா" என்றேன்.